தண்ணீர் இல்லாத ஊரில் மூழ்குகிறவர்கள்



நம் பக்கத்தில் விபத்து என்று யாராவது சொன்னால் முதலில் வானத்தைத்தான் பார்ப்போம், எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று. அப்படிப் பழகிவிட்டோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் ஏறத்தாழ நாற்பது பேர் கருகிச் செத்ததை சிவகாசி வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் ஏதாவது ஓர் ஆலை தலைப்புச் செய்தியாகிக்கொண்டேதான் இருக்கிறது. அமைச்சர் வருகிறார், நிவாரணம் அறிவிக்கிறார்கள், ஆய்வுக் குழு போடுகிறார்கள். தீக்கு அலுவலகம் உண்டு, சட்டம் உண்டு, கேள்வி கேட்க ஆளும் உண்டு.

இந்த மாதம் தண்ணீரில் போகிற உயிர்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

சிரிக்க வேண்டாம். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று அரசு ஊழியர்களை மிரட்டுவார்களே, அந்தப் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிந்து வந்த விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள்தான் நாம். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் வருடத்தில் பாதிக்கு மேல் மணலாகவே கிடக்கும். விருதுநகர் ஓரமாகப் போகிற கௌசிகா நதியில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடைத் தண்ணீர். இந்த மண்ணில் ஆள் முங்கிச் சாவதாவது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். நாம் கேட்க முடியாது. நாளிதழின் மாவட்டப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். கோடை விடுமுறையில் ஒரு கல்கிடங்கு, ஐப்பசி மழைக்குப் பின் ஒரு கண்மாய், இடையிடையே வீட்டுத் தொட்டி. செய்தி பத்து வரியைத் தாண்டாது. குளிக்கப் போனார்கள், ஆழமான பகுதிக்குப் போய்விட்டார்கள், தீயணைப்புத் துறையினர் உடலை மீட்டார்கள், போலீஸார் விசாரிக்கிறார்கள். ஊரையும் வயதையும் மாற்றிவிட்டால் போன வருடச் செய்தியை இந்த வருடமும் அச்சடிக்கலாம்.

தண்ணீர் குறைந்த ஊர் என்பதால் நமக்கு இந்த ஆபத்து குறைவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். செய்திகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கப் பார்க்க வேறு மாதிரித் தோன்றுகிறது. நம்மை முங்கடிப்பதில் வறட்சிக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

வீட்டுக்குள்ளிருந்தே ஆரம்பிப்போம். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் என்று எங்கே வீடு கட்டினாலும் அஸ்திவாரம் தோண்டும்போதே தரைத்தொட்டிக்கும் குழி தோண்டிவிடுவார்கள். குழாயில் தண்ணீர் தினமும் வருகிற ஊராக இருந்தால் அதற்கு அவசியமே இல்லை. நாலு நாளைக்கு ஒரு முறை, வாரத்துக்கு ஒரு முறை, கோடையில் அதற்கும் மேலே என்று வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்க ஆளுயரத் தொட்டி வேண்டும். வாசல் நடையிலோ படிக்குக் கீழேயோ இரண்டடிச் சதுரத்தில் அதன் வாய் இருக்கும். மூடி என்ற பெயரில் ஒரு சிமென்ட் பலகை, அல்லது கடப்பாக்கல் துண்டு, அல்லது நாலு பக்கமும் துருவேறிய தகரம். தூக்குவதற்கென்று வைத்த கம்பி வளையம் என்றைக்கோ ஒடிந்திருக்கும்.

தண்ணீர் விடுகிற நாளில் அந்த மூடியைக் கவனித்துப் பாருங்கள். ஓஸ் பைப்பை உள்ளே விடுவதற்காக ஒரு ஓரமாக நகர்த்தி வைத்திருப்பார்கள். தொட்டி நிறைய இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை அந்தச் சந்து திறந்தே கிடக்கும். அதே நேரத்தில் அடுப்படியில் குடம், அண்டா, நீல டிரம் எல்லாம் நிறைகின்றன. வீட்டில் இருக்கிற ஒரே பெரிய ஆள் வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள். ஒன்றரை வயதுப் பிள்ளை எங்கே இருக்கிறது? தண்ணீர் விழுகிற சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கேதான் இருக்கும்.

அந்த வயதில் உடம்பின் கனம் தலையில்தான் அதிகம். எட்டிப் பார்த்தால் தலை கீழே போகும், கால் மேலே வரும். திரும்பி எழக் கைகளில் வலு இருக்காது. ஆளுயரத் தொட்டிகூட வேண்டாம், துணி அலசுகிற வாளியே போதும். இன்னொன்றையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முங்குகிற பிள்ளை சத்தம் போடாது. சினிமாவில் காட்டுவது போலக் கையை ஆட்டி 'காப்பாத்துங்க' என்று கத்த, வாய் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டுமல்லவா? மூச்சு எடுப்பதற்கே வாய் போதவில்லை. பக்கத்து அறையில் இருக்கிறவர்களுக்கு எதுவும் கேட்காது. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி 2021இல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். அதில் கால்வாசி ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். பத்தில் ஒன்பது சாவு நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில்தான். இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் மட்டும் 38 ஆயிரத்துக்கு மேல். நாளொன்றுக்கு நூறு பேருக்கும் அதிகம். இந்த எண்ணிக்கையைக் குற்றங்களைக் கணக்கெடுக்கிற அலுவலகம்தான் வைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கண்மாயில் இறந்த பையனின் பெயர் முதலில் ஏறுவது காவல் நிலையத்தில், இயற்கைக்கு மாறான மரணம் என்ற தலைப்பில். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174வது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 194. சதி ஏதும் இல்லை என்று தெரிந்ததும் கோப்பை மூடிவிடுவார்கள். போலீஸார் செய்ய வேண்டியதை அவர்கள் செய்துவிட்டார்கள். ஆனால் எந்தத் தெருவில், எந்த வயதில், எந்த மாதத்தில், எந்த மாதிரித் தண்ணீரில் என்று பார்க்க வேண்டிய சுகாதாரத் துறையின் மேஜைக்கு அந்தக் கோப்பு போவதில்லை.

டெங்குவில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? ஒரு தெருவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால் போதும், மறுநாளே கொசு ஒழிப்புப் பணியாளர்கள் கையில் டார்ச்சோடு வந்துவிடுகிறார்கள். வீடு வீடாக நுழைந்து தொட்டியைத் திறந்து பார்க்கிறார்கள், புழு இருந்தால் மருந்து ஊற்றுகிறார்கள், 'மூடி வைங்கம்மா' என்று சொல்லி அட்டையில் தேதி குறித்துவிட்டுப் போகிறார்கள். என்னுடைய கேள்வி இதுதான். நம் ஊரின் ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்க்கிற ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கொசுவுக்காக மூடச் சொல்கிற அந்த மூடியையே பிள்ளைக்காகவும் பார்த்தால் என்ன? இந்த வீட்டில் ஐந்து வயதுக்குள் குழந்தை உண்டா, மூடிக்குக் கீலும் தாழ்ப்பாளும் உண்டா என்று இரண்டு கேள்விகளை அவர்கள் தாளில் சேர்ப்பதற்குப் புதிய துறை வேண்டாம், புதிய சம்பளம் வேண்டாம். 2021இல் மாநகராட்சியாகிவிட்ட சிவகாசி இதை முதலில் செய்து காட்டலாம்.

வீட்டுக்காரர்கள் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஓஸ் நுழைவதற்கென்று தொட்டியின் பக்கச் சுவரில் தனியாக ஓர் ஓட்டை போட்டுவிட்டால் மூடியை நகர்த்தும் வேலையே இல்லை. மூடிக்குக் கீழே, வாயை அடைத்தாற்போல ஒரு கம்பிச் சட்டம். வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. கல்லை மறுபடி வைக்க மறந்துபோனாலும் பிள்ளை கம்பியில்தான் நிற்கும். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கியூரிங்குக்காக நிரப்பி வைக்கிற தொட்டியும், மழையில் நிறைந்து கிடக்கும் செப்டிக் டேங்க் குழியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான் ஆபத்து. கொத்தனார் போன பிறகு அங்கே காவலுக்கு ஆள் கிடையாது.

இனி அந்த வீட்டில் பெரிய ஆள் ஏன் ஒருத்தி மட்டும் இருக்கிறாள் என்பதற்கு வருகிறேன். சில வீடுகளில் அவளும் இல்லை. விடிந்தும் விடியாமலும் ஆலை வேன் வந்துவிடுகிறது. தூக்குச்சட்டியோடு ஏறினால் திரும்ப மாலையாகும். ஆலைக்குப் போகாதவர்கள் வீட்டில் சும்மா இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. பெட்டி ஒட்டுவதும் பட்டாசுக் குழாய் சுற்றுவதும் எண்ணிக்கைக்குக் கூலி. கையும் கண்ணும் பசையிலும் தாளிலும் இருக்கும்போது பிள்ளை வாசல் தாண்டியது தெரியாது. அப்படிப்பட்ட தாயைப் பார்த்து 'கவனக்குறைவு' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் ஊரே கூடி அவளைத்தான் ஏசுகிறது. துட்டி கேட்கப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

இதே நிலைமையை வங்கதேசம் வேறு விதமாகப் பார்த்தது. அங்கே வீட்டைச் சுற்றிக் குட்டைகள். காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் ஒரு மணிக்குள்தான் குழந்தைகள் அதிகமாக இறந்தார்கள். தாய்மார்கள் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் நேரம் அது. அறிவுரை சொல்லிக்கொண்டிருக்காமல் அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் கிராமத்துக்குள்ளேயே காப்பகம் வைத்தார்கள். அதே ஊர்ப் பெண் ஒருத்தி, அவள் வீட்டுத் திண்ணையே இடம், இருபது இருபத்தைந்து குழந்தைகள், பாட்டு, கதை. காப்பகத்துக்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. 2022இல் அந்நாட்டு அரசே 16 மாவட்டங்களில் 8,000 மையங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. நம்மைவிடப் பணக்கார நாடு அல்லவே அது!

நம்மிடம் அங்கன்வாடி இருக்கிறது, அதுவே பெரிய பலம். ஆனால் அங்கே பகல் முழுக்க உட்கார்த்தி வைத்துப் பார்த்துக்கொள்வது கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளை. நடக்கப் பழகிய வயதுக்காரன்தான் தொட்டியைத் தேடிப் போகிறான், அவனுக்கு இடமில்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48வது பிரிவு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. பட்டாசு ஆலைக்குள் அதை வைக்கச் சொன்னால் அதைவிட விபரீதம் இல்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் ஆலை வளாகத்தில் காலெடுத்து வைக்கவே கூடாது. ஆகவே காப்பகம் ஊருக்குள், வேன் ஏறுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஆலை முதலாளிகள் சங்கங்கள் நினைத்தால் கூடாத காரியமா இது? கோயில் கொடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கிற கைகள்தானே.

வீட்டை விட்டு வெளியே வந்தால் கண்மாய். நம் பேச்சில் கம்மாய். அங்கேயும் வறட்சிதான் வேலையைக் காட்டுகிறது. வருடத்தில் எட்டு, ஒன்பது மாதம் காய்ந்து கிடக்கிறது. அப்போது அது கிரிக்கெட் மைதானம், ஆடு மேய்கிற இடம், சீமைக் கருவேலங்காடு. பிள்ளைகளுக்கு அதன் ஒவ்வொரு மூலையும் அத்துப்படி. அந்தத் தைரியத்தில்தான் மழைக்குப் பிறகு இறங்குகிறார்கள். ஆனால் இடையில் வண்டல் என்றும் கிராவல் என்றும் மண் அள்ளியிருக்கிறார்கள். அனுமதிச் சீட்டில் உள்ள ஆழம் ஒன்று, பொக்லைன் தோண்டிய ஆழம் இன்னொன்று. பழைய கண்மாய் கரையிலிருந்து நடுவுக்குப் பைய ஆழமாகிக்கொண்டே போகும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீரே எச்சரித்துவிடும். இப்போது இடுப்பளவில் நிற்கிறவன் அடுத்த எட்டில் பதினைந்தடிப் பள்ளத்துக்குள் போகிறான். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே கலங்கல் தண்ணீர். கரிசல் களிமண் ஓரத்தில் கால் வைத்தால் ஏறவும் பிடிப்பு கிடைக்காது. கல்கிடங்கு இன்னும் மோசம். நாலு பக்கமும் செங்குத்துச் சுவர், ஆழம் எவ்வளவு என்று தோண்டியவனுக்குத்தான் தெரியும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கம் அ.குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேரும் சிறுமிகளும் இளம்பெண்களும். முதலில் முங்கியவர்களைக் காப்பாற்றப் போய் மற்றவர்களும் போனார்கள். அடுத்த வருடம், 2023 பிப்ரவரி 15 அன்று, கால்பந்துப் போட்டிக்காக வந்திருந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் நால்வர் கரூர் மாயனூரில் காவிரியில் மூழ்கினார்கள். இரண்டு இடத்திலும் பெண் பிள்ளைகள் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நம் தாத்தாக்கள் தோட்டக் கிணற்றில் நீச்சல் பழகினார்கள். இடுப்பில் சுரைக்குடுக்கையையோ காலி எண்ணெய் டின்னையோ கட்டி, வடக்கயிற்றின் ஒரு முனையை மாமன் கையில் கொடுத்து, மேலேயிருந்து தள்ளிவிடுவார்கள். மூன்றாம் நாள் டின் இல்லாமல் நீந்துவான். ஒரு வாரத்தில் முங்கு நீச்சல், மல்லாக்க நீச்சல், அடியில் போய் மண் எடுத்து வருவது எல்லாம் வந்துவிடும். இன்று அந்தக் கிணறுகளில் பாதி தூர்ந்துவிட்டன, மீதியில் தண்ணீர் இல்லை, ஆழ்துளைக் குழாய் வந்த பிறகு எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. ஆக, நீச்சல் கற்றுக்கொடுத்த தண்ணீர் போய்விட்டது. ஆளை முங்கடிக்கிற தண்ணீர் மட்டும் புதிது புதிதாக முளைக்கிறது. அந்தக் காலத்திலும் மாமன் கயிறு பிடித்தது மருமகனுக்குத்தான், மருமகளுக்கு இல்லை. வயதுக்கு வந்த பெண்ணைக் கிணற்றில் இறக்குவதாவது என்று விட்டுவிட்டோம். ஆனால் துணி துவைக்கவும் ஆடு குளிப்பாட்டவும் கண்மாய்க்கு அவளைத்தான் அனுப்புகிறோம்.

'எங்க காலத்துல நாங்க தானா கத்துக்கிட்டோம்' என்று கடிதம் எழுதப்போகும் பெரியவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐயா, கற்றுக்கொள்ளும்போதே போனவர்கள் கடிதம் எழுத முடியாது.

பள்ளியிலேயே நீச்சல் சொல்லிக்கொடுப்பது ஆடம்பரம் என்று நினைக்கிறோம். நம் உறவுக்காரர்கள் இருக்கும் சிங்கப்பூரில் 2010இலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு இதற்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. வேகமாக நீந்துவதைவிடத் தண்ணீரில் பிழைத்துக் கிடப்பதை முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள். சரி, அது பணக்கார நகரம். பீகார்? மூழ்குவதை அந்த மாநிலம் பேரிடர் பட்டியலிலேயே சேர்த்து, கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊர்க் குளத்தில் மூங்கில் கட்டிப் பாதுகாப்பான நீச்சல் பயிற்சி கொடுக்கிறது. நம் மாவட்டத்திலும் ஒன்றியத்துக்கு ஓர் ஊருணி தேர்ந்தெடுத்து, மார்பளவு ஆழத்துக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, பொங்கலை ஒட்டிப் பத்து நாள் பயிற்சி நடத்த முடியாதா? தண்ணீர் இருக்கும் காலமும் அதுதான். பெண் பிள்ளைகளுக்கு உடற்கல்வி ஆசிரியை. எல்லோரும் மீன் போல நீந்த வேண்டியதில்லை. மல்லாந்து மிதக்கவும், பத்து கெஜம் கரையேறவும் தெரிந்தால் போதும்.

நீச்சல் தெரிந்தவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2016 ஆகஸ்ட் 24 அன்று இங்கிலாந்தின் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் லண்டனிலிருந்து போன ஈழத்தமிழ் இளைஞர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லாத மணல் திட்டுகள். ஏறி வந்த அலைநீர் பின்னாலிருந்து வளைத்துக்கொண்டது. அன்று அந்தக் கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் இல்லை. பிறகுதான் போட்டார்கள். நம் பையன்கள் கிணற்றில் பழகிய கையோடு அய்யனார் கோவில் அருவிக்கும் பிளவக்கல் அணைக்கும் திருச்செந்தூர்க் கடலுக்கும் போகிறார்கள். அந்தந்த ஊர்க்காரர் 'இங்க இறங்காதீக' என்றால் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு வேண்டாம். மலையில் மழை பெய்தால் அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். 2015 மே மாதம் சதுரகிரியில் பக்தர்கள் பலரை ஓடைவெள்ளம் அடித்துக்கொண்டு போனதை மறக்கவில்லையே?

ஆண்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டுக் கண்மாயில் இறங்குவதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆணோ பெண்ணோ, வலிப்பு உள்ளவர்கள் தனியாகக் குளிக்கப் போகக் கூடாது. மற்றவர்களைவிட அவர்கள் மூழ்கும் ஆபத்து 15 முதல் 19 மடங்கு என்று ஆய்வு உண்டு. வீட்டில் மோந்து ஊற்றிக் குளிப்பதே நல்லது, கதவைத் தாழிடாமல்.

இப்போது, கண் முன்னால் ஒருவர் முங்குகிறார் என்றால் என்ன செய்வது? குதிக்காதீர்கள். கெடிலத்தில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். உயிர்ப் பயத்தில் இருக்கிறவன் கையில் கிடைத்ததைக் கட்டிப்பிடிப்பான், உங்களையும் சேர்த்து. கரையில் படுத்துக்கொண்டு நீளமான கம்பை நீட்டுங்கள். கம்பு இல்லையென்றால் சேலையோ வேட்டியோ வீசுங்கள். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன், கவிழ்த்த பிளாஸ்டிக் குடம் எதுவானாலும் மிதக்கும், ஆளையும் தாங்கும். ஒவ்வொரு கண்மாய்க் கரை ஆலமரத்திலும் ஒரு மூங்கில் கம்பும், கயிறு கட்டிய இரண்டு கேன்களும் தொங்கவிட்டால் நல்லது. 'இங்கு குளிக்கத் தடை' என்ற பலகைக்கு ஆகிற செலவுகூட ஆகாது. அந்தப் பலகையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் தண்ணீரைப் பார்த்த பன்னிரண்டு வயதுப் பையன் பலகையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டான். சட்டையை அதன் மேலேயே மாட்டிவிட்டுக் குதிப்பான்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நடப்பதுதான் இன்னும் கொடுமை. தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுகிறார்கள். வயிற்றை அமுக்குகிறார்கள். உப்பில் புதைத்தால் பிழைப்பான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை வருடக்கணக்காகச் சுற்றுகிறது. இவற்றில் எதையும் செய்யாதீர்கள். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். அவருக்குத் தேவை காற்று. மூச்சு நின்றதால்தான் இதயம் நிற்கிறது, ஆகவே முதலில் மூச்சுக் கொடுக்க வேண்டும். தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெற்றியில் கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை மேலே தூக்குங்கள். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஊதுங்கள். முதலில் ஐந்து முறை. சில கையேடுகள் இரண்டு என்கின்றன. கைக்குழந்தை என்றால் உங்கள் வாயால் அதன் வாயையும் மூக்கையும் சேர்த்தே மூடி மெதுவாக ஊதுங்கள். அசைவோ மூச்சோ இல்லையென்றால் நெஞ்சின் நடுவே அழுத்த வேண்டும். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது வரை வருகிற வேகம். தண்ணீரோ வாந்தியோ வந்தால் ஒருக்களித்துத் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். இன்னொருவர் 108ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடட்டும். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள். பிழைத்து எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலில் சிக்கல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

விருதுநகருக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் மூச்சு நின்று நாலைந்து நிமிடம் போனால் மூளை கெட ஆரம்பிக்கும். அந்த நிமிடங்கள் கண்மாய்க் கரையில் நிற்கிற நம்முடையவை. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், எதையும் உரசி இழுக்கக் கூடாது என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட மனப்பாடமாகச் சொல்கிற ஊர் இது. முப்பதுக்கு இரண்டு என்பதைக் கற்றுக்கொள்ள நமக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆலைகளில் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியோடு இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி சங்கங்களுக்கு எழுதுகிறோம்.

2021இல் ஐ.நா. பொதுச் சபை ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. 2023 டிசம்பரில் நம் மத்திய சுகாதார அமைச்சகமும் இதற்கென ஒரு வழிகாட்டு ஆவணம் வெளியிட்டது. டில்லியில் வந்த ஆவணம் நம் வெம்பக்கோட்டைக்கு வந்து சேர வேண்டும். அதற்கு நாம் இங்கிருந்து கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே இந்த மாதம் வாசகர் கடிதங்களுக்குப் பதிலாக ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊரில் வேலி இல்லாத கல்கிடங்கு, கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு, மண் அள்ளிப் பள்ளமான கண்மாய், மூடி இல்லாத பொதுத் தொட்டி எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். ஊர்ப் பெயர், ஒன்றியம், பக்கத்தில் பள்ளியோ அங்கன்வாடியோ இருந்தால் அது எவ்வளவு தூரம், தண்ணீர் எந்த மாதங்களில் நிற்கும் என்ற விவரங்கள் வேண்டும். வந்தவற்றைத் தொகுத்து மாவட்ட ஆட்சியருக்கும் மாநகராட்சி, நகராட்சி ஆணையாளர்களுக்கும் கொடுப்போம். அவர்கள் செய்ததையும் செய்யாததையும் அடுத்தடுத்த இதழ்களில் ஊர்வாரியாக வெளியிடுவோம். படம் எடுக்கிறவர்கள் கரையிலிருந்தே எடுங்கள், ஆழம் பார்க்கிறேன் என்று இறங்க வேண்டாம். இறந்த பிள்ளைகளின் பெயரும் படமும் வேண்டாம், இடம் மட்டும் போதும். ஐப்பசி மழைக்கு முன் வந்து சேரும்படி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்